கோளை அளக்கணுமா? முதல்ல அதோட நட்சத்திரத்தை அளக்கணும்!

'இன்னொரு பூமி' செய்திகளில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? மங்கலான சிவப்பு நட்சத்திரங்களை விஞ்ஞானிகள் எடைபோடும் கதை இது.

'பூமியைப் போலவே இன்னொரு கோள் கண்டுபிடிப்பு!' அடிக்கடி இப்படி ஒரு செய்தி உங்கள் மொபைலில் வந்து விழும். கூடவே ஓர் அழகான படம்: நீலக் கடல், வெள்ளை மேகம், ஓரத்தில் சிவப்பாக ஒரு சூரியன். கீழே இரண்டு எண்கள். 'பூமியைவிட 1.2 மடங்கு பெரியது', 'பூமியைவிட 1.5 மடங்கு கனமானது'.

படம் ஓவியரின் கைவண்ணம் என்பது பலருக்கும் தெரியும். சரி, அந்த எண்கள்? பூமி அளவில் இருக்கும் இந்தக் கோள்களின் மேற்பரப்பை எந்தத் தொலைநோக்கியும் இதுவரை படம் பிடித்ததில்லை. பார்க்காத ஒரு பொருளின் சுற்றளவையும் எடையையும் எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரே வரியில் பதில்: கோள் சுற்றிவரும் நட்சத்திரத்தை அளந்து. அந்த நட்சத்திரத்தின் அளவு தப்பானால், கோளின் அளவும் தப்பு.

ஈசலும் தெருவிளக்கும்

மழை விட்ட ராத்திரியில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் பறக்கும். தூரத்தில் நிற்கிற நமக்கு ஈசல் தெரியாது. ஆனால், விளக்குக்கு நேர் முன்னால் அது கடக்கும்போது வெளிச்சம் துளியூண்டு குறையும். அந்தக் குறைவை அளக்க முடிந்தால் ஈசலின் அளவைச் சொல்லிவிடலாம். ஒரு நிபந்தனை: விளக்கு எவ்வளவு பெரியது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோள்களைக் கண்டுபிடிக்கும் 'கடப்பு முறை' இதுதான். ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் 1% குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். நட்சத்திரம் நம் சூரியன் அளவு என்றால், அந்தக் கோள் வியாழனைப் போன்ற ராட்சதக் கோள். அதே நட்சத்திரம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால், கோள் பூமியைப் போல இரண்டு மடங்கு சொச்சம்தான். வெளிச்சம் குறைந்தது இரண்டு இடத்திலும் அதே 1%. முடிவு மட்டும் தலைகீழ்.

எடைக்கும் இதே கதைதான். கோள் சுற்றும்போது தன் நட்சத்திரத்தையும் லேசாக ஆட்டிவைக்கும். அந்த ஆட்டத்தின் வேகத்தை நட்சத்திர ஒளியின் டாப்ளர் மாற்றத்திலிருந்து அளக்கலாம். இந்த அளவு ஆட்டம் வேண்டுமென்றால் கோள் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? நட்சத்திரத்தின் நிறை தெரியாமல் அதைச் சொல்ல முடியாது.

காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். முள் எவ்வளவு துல்லியமாக நின்றாலும், படிக்கல் தப்பாக இருந்தால் கத்தரிக்காயின் எடை தப்புதான். புறக்கோள் ஆய்வில் நட்சத்திரம்தான் படிக்கல்.

சிவப்புக் குள்ளர்கள் மேல ஏன் இவ்வளவு கண்ணு?

நம் பால்வெளி மண்டலத்தில் இருக்கும் நட்சத்திரங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, சிவப்புக் குள்ளர்கள் எனப்படும் குளிர்ந்த, எடை குறைந்த நட்சத்திரங்கள். சூரியனின் நிறையில் சுமார் 8% முதல் 60% வரைதான் இவற்றின் நிறை. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். இவற்றுக்கு 2,100 முதல் 3,600 வரை. 'குளிர்ந்த' என்பதெல்லாம் நட்சத்திரக் கணக்கில்தான்!

இவ்வளவு இருந்தும் வெறும் கண்ணுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரி ஒரு சிவப்புக் குள்ளன். அதைப் பார்க்கவும் தொலைநோக்கி வேண்டும்.

கோள் தேடுபவர்களுக்கு இவை ஏன் செல்லப்பிள்ளைகள்? விளக்கு சின்னது என்றால் ஈசலின் நிழல் பளிச்சென்று தெரியும். பூமி, சூரியனுக்கு முன்னால் கடந்தால் வெளிச்சம் 0.008% குறையும். அதே பூமி, டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ளனுக்கு முன்னால் கடந்தால் 0.6% குறையும். கிட்டத்தட்ட 70 மடங்கு எளிது.

இன்னொரு வசதியும் உண்டு. இந்த நட்சத்திரங்கள் மங்கலானவை என்பதால், தண்ணீர் திரவமாக இருக்கக்கூடிய 'வாழத்தகு மண்டலம்' நட்சத்திரத்துக்கு மிக அருகிலேயே இருக்கும். அங்கே ஒரு 'ஆண்டு' சில நாட்களிலோ வாரங்களிலோ முடிந்துவிடும். 2016-ல் அறிவிக்கப்பட்ட பிராக்ஸிமா பி கோளின் ஆண்டு 11.2 நாட்கள்தான். ஒரே மாதத்தில் இரண்டு, மூன்று சுற்றுகளைப் பார்த்துவிடலாம்.

அப்போ அளக்கிறதுல என்ன கஷ்டம்?

சூரியன் போன்ற நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து நிறமாலையாகப் பார்த்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய மெல்லிய கறுப்புக் கோடுகள் தனித்தனியே தெரியும். வெப்பநிலை, வேதியியல், ஈர்ப்பு எல்லாவற்றையும் அந்தக் கோடுகளிலிருந்து படித்துவிடலாம்.

சிவப்புக் குள்ளனில் வெப்பம் குறைவு. அதனால் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூலக்கூறுகளாகவே அங்கே உலவுகின்றன. டைட்டானியம் ஆக்சைடு, வனேடியம் ஆக்சைடு, ஏன், நீராவிகூட உண்டு! ஒவ்வொரு மூலக்கூறும் ஆயிரக்கணக்கான கோடுகளைப் போடும். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, நிறமாலை முழுக்கக் கிறுக்கிவைத்த நோட்டுப் புத்தகம் போல ஆகிவிடும். எழுத்து எது, கிறுக்கல் எது என்று பிரிப்பதே பெரும்பாடு.

அடுத்து, ஆள்மாறாட்டச் சிக்கல். நிறத்தை மட்டும் பார்த்தால், அருகில் இருக்கும் சிவப்புக் குள்ளனும் வெகு தொலைவில் இருக்கும் சிவப்பு ராட்சத நட்சத்திரமும் ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டின் அளவுக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மூன்றாவது, கோட்பாடே கைவிடுவது. நட்சத்திரத்தின் நிறையைச் சொன்னால் ஆரத்தைக் கணித்துத் தரும் கணினி மாதிரிகள் இருக்கின்றன. ஆனால், உண்மையில் அளந்து பார்த்தால் பல சிவப்புக் குள்ளர்கள் கணிப்பைவிட 5 முதல் 10% வரை பருத்திருக்கிறார்கள். அவற்றின் வலுவான காந்தப்புலமும், மேற்பரப்பில் இருக்கும் கரும்புள்ளிகளும் உள்ளிருந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு முக்கிய விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை.

பக்கத்து வீட்டு நட்சத்திரம் காட்டிக்கொடுத்த உண்மை

இந்தச் சிக்கலின் முழு வீச்சும் தெரிய வேண்டுமென்றால் கேஓஐ-961 கதையைக் கேட்க வேண்டும்.

நாசா 2009-ல் ஏவிய கெப்ளர் விண்கலம் லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை ஒரே நேரத்தில் கண்காணித்தது. அந்த நட்சத்திரங்களின் அளவுகளுக்கு ஒரு பட்டியல் முன்பே தயாரிக்கப்பட்டிருந்தது. அது முக்கியமாகச் சூரியன் போன்ற நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான பட்டியல். சிவப்புக் குள்ளர்கள் விஷயத்தில் அதை நம்ப முடியாது.

கேஓஐ-961 என்ற மங்கலான நட்சத்திரத்தில் மூன்று கோள்களின் கடப்பு தெரிந்தது. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் மியூர்ஹெட், ஜான் ஜான்சன் உள்ளிட்ட குழுவினர் அதை பாலோமர், கெக் தொலைநோக்கிகளால் ஆராய்ந்தனர். அப்போது பிரிட்டனைச் சேர்ந்த ஓர் அறிவியல் ஆர்வலர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்: "இந்த நட்சத்திரம் அச்சு அசல் பர்னார்டு நட்சத்திரம் மாதிரி இருக்கே!"

பர்னார்டு நட்சத்திரம் வெறும் 6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது வானில் வேகமாக இடம்பெயர்வதை இ.இ. பர்னார்டு 1916-ல் கண்டறிந்தார். அதன் பிறகு பல தலைமுறை விஞ்ஞானிகள் அதை அளந்திருக்கிறார்கள். அதன் அளவு நன்றாகத் தெரியும். நிறமாலை ஒத்துப்போனால், அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

2012 ஜனவரியில் முடிவு வெளியானது. கேஓஐ-961 சூரியனில் ஆறில் ஒரு பங்கு அகலம்தான். வியாழனைவிட 70% பெரியது, அவ்வளவே. விளக்கு சுருங்கியதும் ஈசல்களும் சுருங்கின. மூன்று கோள்களின் ஆரம் பூமியின் ஆரத்தில் 0.78, 0.73, 0.57 மடங்கு. கடைசியாகச் சொன்னது ஏறக்குறைய செவ்வாய் அளவு! அதுவரை அறியப்பட்ட புறக்கோள்களில் மிகச் சிறியவை இவை. மூன்றுமே இரண்டு நாட்களுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகின்றன. இப்போது இந்த நட்சத்திரத்தின் பெயர் கெப்ளர்-42.

கெப்ளர் பதிவுசெய்த ஒளிக்குறைவு மாறவே இல்லை. படிக்கல்லை மாற்றியதும் எடை மாறியது.

படிக்கல்லை எப்படிச் சரிபார்க்கிறாங்க?

தூரம்: கையை நீட்டி, கட்டை விரலை ஒரு கண்ணால் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். பூமி சூரியனைச் சுற்றுவதால் அருகிலுள்ள நட்சத்திரங்களும் இப்படி லேசாக இடம் மாறித் தெரியும். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை இதை அளந்தது. 2022-ல் வெளியான பட்டியலில் மட்டும் சுமார் 180 கோடி ஒளிப்புள்ளிகள் இருந்தன. தூரம் தெரிந்துவிட்டால், 'மங்கலாகத் தெரிகிறதா, உண்மையிலேயே மங்கலா?' என்ற குழப்பம் தீரும். குள்ளன், ராட்சதன் ஆள்மாறாட்டமும் ஒழியும்.

அகலம்: மிக அருகிலுள்ள நட்சத்திரங்களுக்கு நேரடி அளவே சாத்தியம். கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சனில் 'சாரா' என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, 330 மீட்டர் அகலமுள்ள ஒரே தொலைநோக்கிக்கு நிகரான கூர்மையை இது தருகிறது. இதை வைத்து பர்னார்டு நட்சத்திரத்தின் ஆரம் சூரியனில் சுமார் 0.187 பங்கு என்று அளந்தார்கள். எவ்வளவு நுட்பமான வேலை தெரியுமா? ஒரு ரூபாய் நாணயத்தை ஏறத்தாழ 4,800 கி.மீ. தள்ளி வைத்து, அதன் அகலத்தை அளப்பதற்குச் சமம்.

நிறை: ஒற்றையாக நிற்கும் நட்சத்திரத்தை எடைபோட வழி குறைவு. ஜோடியாகச் சுற்றினால் வேலை சுலபம். சுமார் 48 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் சிஎம் டிராகோனிஸ் இதற்குப் பேர்போன உதாரணம். இரண்டு சிவப்புக் குள்ளர்கள் 1.27 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகிறார்கள். நம் பார்வையில் ஒன்றையொன்று மறைக்கவும் செய்கிறார்கள். மறைக்கும் நேரத்திலிருந்து ஆரம், சுற்றும் வேகத்திலிருந்து நிறை. எந்தக் கணினி மாதிரியின் தயவும் இல்லாமல் இரண்டையும் சுமார் 1% துல்லியத்தில் அளந்துவிட்டார்கள். நட்சத்திரங்கள் கணிப்பைவிடப் பருத்திருப்பதை உறுதியாகக் காட்டியதில் இந்த ஜோடிக்கும் பங்கு உண்டு.

வெப்பநிலை: நட்சத்திரம் வெளியிடும் மொத்த ஒளியும் அகலமும் தெரிந்தால், ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியை வைத்து மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிடலாம். பள்ளி இயற்பியலில் படித்த அதே விதிதான்.

உலோகத்தன்மை: ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாத் தனிமங்களையும் வானியலாளர்கள் 'உலோகம்' என்றே சொல்வார்கள். ஆக்சிஜனும் அவர்களுக்கு உலோகம்தான்! கோள்கள் உருவாகத் தேவையான மூலப்பொருள் எவ்வளவு இருந்தது என்று தெரிய இது வேண்டும். ஆனால், கிறுக்கல் நிறமாலையில் இதை எப்படிப் படிப்பது? இங்கேதான் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. சில சிவப்புக் குள்ளர்களுக்குச் சூரியனைப் போன்ற துணை நட்சத்திரம் இருக்கிறது. இரண்டும் ஒரே வாயுமேகத்தில் பிறந்தவை; கலவையும் ஒன்றே. துணையின் தெளிவான நிறமாலையில் உலோகத்தன்மையைப் படித்து, அதே அளவு குள்ளனின் அகச்சிவப்பு நிறமாலையில் சோடியம், கால்சியம் கோடுகளாக எப்படித் தெரிகிறது என்று பொருத்திப் பார்த்தார்கள். அந்தச் சூத்திரத்தை இப்போது தனியாக நிற்கும் குள்ளர்களுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இப்படி நேரடியாக அளந்தவற்றின் எண்ணிக்கை கொஞ்சம்தான். அவற்றை வைத்து மற்றவற்றுக்கு வாய்ப்பாடு தயாரிப்பது அடுத்த கட்டம். ஆண்ட்ரூ மான் தலைமையிலான குழு 2015-ல் அருகிலுள்ள 183 நட்சத்திரங்களை வைத்து, அகச்சிவப்பு ஒளிர்வுக்கும் ஆரத்துக்கும் உள்ள தொடர்பைத் தந்தது. 2019-ல் 62 இரட்டை நட்சத்திரங்களை வைத்து நிறைக்கான தொடர்பையும் தந்தது. அகச்சிவப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? குள்ளர்கள் அதிகம் ஒளிர்வது அங்கேதான். மூலக்கூறுகளின் கிறுக்கல் தொல்லையும் அங்கே குறைவு. தூரம் துல்லியமாகத் தெரிந்தால், இன்று ஒரு சிவப்புக் குள்ளனின் நிறையையும் ஆரத்தையும் 2-3% துல்லியத்தில் சொல்ல முடிகிறது.

10% தப்பினா என்ன குடி முழுகிடும்?

முழுகும்! ஆரத்தை நாம் 10% கூடுதலாகக் கணித்துவிட்டால், கன அளவு 33% கூடிவிடும். எடை அதேதான் என்பதால் அடர்த்தி 25% குறையும். பூமியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 5.5 கிராம். அது 4.1 ஆகிவிடும். இரும்பு மையம் கொண்ட பாறைக்கோள் ஒன்றை, தண்ணீர் நிறைந்த கோள் என்று சொல்லிவிடுவோம்.

வெப்பநிலையில் தப்பு இன்னும் ஆபத்து. கெல்வின் கணக்கில் 3% தப்பினால், நட்சத்திரம் தரும் ஆற்றல் 12 சதவீதத்துக்கு மேல் தப்பும். வாழத்தகு மண்டலத்தின் எல்லைக்கோட்டில் இருக்கும் கோள், உள்ளே இருப்பதாகத் தோன்றி வெளியே போய்விடும்.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. கெப்ளர் கண்டுபிடித்த, வாழத்தகு மண்டலத்தில் இருக்கும் சிறிய கோள்கள் சுமார் 30 என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். கையா தந்த புதிய தூரங்களை வைத்து நட்சத்திரங்களைத் திரும்ப அளந்ததும், அந்த எண்ணிக்கை 2 முதல் 12-க்குள் இருக்கலாம் என்று 2018-ல் நாசா சொன்னது. கோள்கள் எங்கேயும் ஓடிவிடவில்லை. சில நட்சத்திரங்கள் நினைத்ததைவிடப் பெரியவையாகவும் பிரகாசமானவையாகவும் இருந்தன.

நீராவி கோளோடதா, நட்சத்திரத்தோடதா?

அளவைத் தாண்டி, இப்போது கோள்களின் வளிமண்டலத்தையே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி தேடுகிறது. அங்கேயும் நட்சத்திரம் குறுக்கே வந்து நிற்கிறது.

சுமார் 26 ஒளியாண்டு தூரத்தில் ஜிஜே 486 பி என்று ஒரு பாறைக்கோள். பூமியைவிட 30% பெரியது. 2023 மே மாதம் ஜேம்ஸ் வெப் தரவில் நீராவியின் சாயல் தெரிந்தது. கொண்டாட வேண்டிய செய்தி. ஆனால், ஆய்வுக் குழுவே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துச் சொன்னது: இந்த நீராவி நட்சத்திரத்தின் கரும்புள்ளிகளிலிருந்தும் வந்திருக்கலாம்.

நட்சத்திரத்தில் தண்ணீரா என்று கேட்கலாம். நம் சூரியனின் கரும்புள்ளிகளிலேயே நீராவியின் தடம் கண்டறியப்பட்டிருக்கிறது. சிவப்புக் குள்ளன் அதைவிடக் குளிர்ந்தது. அதன் கரும்புள்ளிகள் இன்னும் குளிர்ந்தவை. கோள் கடக்கும் பாதையில் இல்லாத கரும்புள்ளிகள், கோளின் வளிமண்டலம் போலவே போலிக் கையெழுத்துப் போட்டுவிடும். பிறகு அந்தக் கோளின் வெப்பத்தை அளந்தபோது, அடர்த்தியான வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் இல்லை என்று 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது.

காயை வெச்சே படிக்கல்லைச் சரிபார்க்கலாம்!

கதையில் ஒரு நல்ல திருப்பமும் இருக்கிறது. 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் டிராப்பிஸ்ட்-1 நட்சத்திரத்தை ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017-ல் அறிவித்தார்கள். அப்போது அந்த நட்சத்திரத்தின் நிறை சூரியனில் 0.080 பங்கு என்றார்கள். 2018-ல் அது 0.089 என்று திருத்தப்பட்டது. 11% உயர்வு! அந்த நிறையை அளவுகோலாக வைத்துச் சொல்லப்படும் கோள்களின் நிறையும் அதே விகிதத்தில் உயரும்.

ஆனால், ஒரு கோள் நட்சத்திரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், கெப்ளரின் விதியை வைத்து நட்சத்திரத்தின் அடர்த்தியையே கணக்கிடலாம். டிராப்பிஸ்ட்-1-க்கு ஏழு கோள்கள், ஏழு சாட்சிகள். அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன பதில்: நட்சத்திரத்தின் அடர்த்தி சூரியனைப் போல 53 மடங்கு. நட்சத்திரத்தைத் தனியாக ஆராய்ந்து இவ்வளவு துல்லியத்தை எட்டுவது கடினம்.

அடுத்த முறை செய்தி வரும்போது...

கையாவின் அடுத்த பெரிய தரவுத் தொகுப்பு 2026 டிசம்பரில் வரும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை அறிவித்திருக்கிறது. அதன் பிறகு சில நட்சத்திரங்களின் எண்கள் மீண்டும் மாறலாம். அவற்றோடு சில 'இன்னொரு பூமி'களின் எண்களும் மாறலாம்.

எனவே, 'பூமியின் இரட்டைச் சகோதரி' என்று தலைப்பைப் பார்த்ததும் ஷேர் செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். எந்த வகை நட்சத்திரத்தைச் சுற்றுகிறது? கோளின் அளவோடு 'கூட்டல்-கழித்தல் இவ்வளவு' என்று பிழை எல்லை சொல்லியிருக்கிறார்களா? வளிமண்டலம் என்றால், நட்சத்திரத்தின் கரும்புள்ளிகளைக் கணக்கில் எடுத்தார்களா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், அந்தச் செய்தியை நிதானமாக உட்கார்ந்து முழுசாகப் படிக்கலாம்.